நெகட்டிவ் காப்பியெடுக்க ஸ்கேனர் எதுக்குங்க?

எங்க பக்கத்துல எந்த வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் அடியில ஒரு பட்டர் பேப்பர் கவர் கிடக்கும். பத்திரத்துக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவுல. உள்ளே நெகட்டிவ். பிரிண்ட் போட்ட படத்தைக் கரையான் தின்னிருக்கும், இல்லாட்டி ஐப்பசி அடைமழையில ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு உரிஞ்சு போயிருக்கும். நெகட்டிவ் மட்டும் பாக்க ஆளில்லாம அப்படியே இருக்கும். சூரிய கிரகணத்தன்னைக்கு மட்டும் பசங்க எடுத்துக் கண்ணுல வெச்சுப் பாப்பாங்க. (அது கண்ணுக்குக் கெடுதல், விடாதீங்க.)

இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெக்கணும்னு இப்போ நிறையப் பேருக்கு எண்ணம் வந்திருக்கு. நல்ல எண்ணம்தான். ஆனா என்கிட்டப் பேசுறவங்க எல்லாரும் முதல்ல கேக்கிறது, "எந்த ஸ்கேனர் வாங்கலாமுங்க?" என் பதில், வாங்காதீங்க. ஊருல கல்யாண போட்டோ எடுக்கிற பையன்கிட்ட இருக்கிற கேமராவே போதும். நம்ம ஊர்ப் படங்களுக்கு ஸ்கேனரை விட அதுதான் நல்லதுன்னுகூடச் சொல்வேன்.

முதல்ல ஸ்கேனருக்கு உண்டான மரியாதையைக் குடுத்துடுவோம். பிலிமுக்குன்னே தனியா மெஷின் இருந்துச்சு. நிக்கான் கம்பெனி கூல்ஸ்கேன்னு ஒண்ணு போட்டது. 4000 டிபிஐ, அதாவது இஞ்சுக்கு 4000 புள்ளி. இன்னைக்கும் அதுக்கு ஈடில்லைன்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்க சொல்றது சும்மா இல்லை. ஆனா நிக்கான் அதை நிறுத்தி ரொம்ப வருசமாச்சு. கொனிகா மினோல்டா 2006-ல கேமரா தொழிலையே விட்டுட்டுப் போனப்ப அவங்க ஸ்கேனரும் போச்சு. இப்போ கிடைக்கிறதெல்லாம் செகண்ட் ஹேண்ட். நிக்கானோட பழைய சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டர்ல ஓடாது, வியூஸ்கேன்னு வேற ஒண்ணைக் காசு குடுத்து வாங்கணும். கம்பெனி மூடின பவர் டில்லரை வாங்கறதும் இதுவும் ஒண்ணுதான். ஓடுற வரைக்கும் ராஜா. ஒரு பல்சக்கரம் தேஞ்சுதுன்னா கோழி அடைய வெச்சுக்கலாம்.

புதுசா வேணும்னா பிளஸ்டெக் ஆப்டிக்பிலிம் இருக்கு. பொட்டி மேல 7200 டிபிஐன்னு போட்டிருப்பான். சோதிச்சுப் பாத்தவங்க கணக்குப்படி உண்மையில தேறுறது கிட்டத்தட்ட அதுல பாதிதான். எப்சன் வி600 மாதிரி கண்ணாடி மேல வெக்கிற ஸ்கேனர்ல 6400-ன்னு போட்டிருக்கும், கால் பங்கு தேறினாலே பெருசு. விதைப் பாக்கெட்டுல ஏக்கருக்கு இத்தனை மூட்டைன்னு போட்டிருக்கிறதை நாம எப்படிப் படிக்கிறோமோ அப்படித்தான் இதையும் படிக்கணும்.

ஸ்கேனர்கிட்ட ஒரே ஒரு வித்தை கேமராவால முடியாதது. டிஜிட்டல் ஐஸ்னு பேரு. படத்தைச் சாதாரண வெளிச்சத்துல ஒரு தடவையும் அகச்சிவப்பு வெளிச்சத்துல ஒரு தடவையும் படிக்கும். கலர் பிலிமுல இருக்கிற சாயத்துக்குள்ள அகச்சிவப்பு பூந்து போயிடும், ஆனா தூசியையும் கீறலையும் தாண்டாது. அதனால எது படம், எது அழுக்குன்னு மெஷினுக்குத் தெரிஞ்சு போகும். அழுக்கை மட்டும் நீக்கிடும். பிரமாதமான வேலை, மறுக்கவே முடியாது.

ஆனா பாருங்க, கருப்பு வெள்ளை பிலிமுல படமா இருக்கிறதே வெள்ளிதான். வெள்ளி அகச்சிவப்பையும் மறைச்சுப்புடும். மெஷினுக்கு ஆளோட மூக்கும் தூசியாத்தான் தெரியும். அதனால கருப்பு வெள்ளைக்கு ஐஸ் வேலைக்கே ஆகாது. நம்ம பெட்டியில கிடக்கிறதுல முக்காவாசி என்ன? கருப்பு வெள்ளை. அப்புறம் எதுக்கு அதுக்குன்னு காசு குடுக்கணும்?

இன்னொண்ணு, அளவு. நம்ம ஊர் ஸ்டுடியோக்காரங்க 35 எம்எம் பக்கம் வந்ததே பின்னாடிதான். அதுக்கு முன்னாடி யாஷிகா மாதிரி ரெட்டை லென்சு கேமராவை மேல இருந்து குனிஞ்சு பாத்து எடுத்தாங்க. 120 பிலிமு, சதுரப் படம். ஊட்டியில மத்திய அரசு 1960-ல ஆரம்பிச்ச இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்ல இருந்து 'இந்து'ங்கிற பேருல பிலிம் வந்துச்சு, பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிளஸ்டெக்ல நடுத்தரமா விக்கிற மெஷின்ல இந்த 120 பிலிம் நுழையவே நுழையாது. பிளஸ்டெக்லயே அது நுழையற மெஷின் வேணும்னா இன்னும் நிறையக் காசு எடுத்து வெக்கணும்.

இப்போ கேமராவுக்கு வருவோம். 35 எம்எம் நெகட்டிவ்ல ஒரு படம் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் கேமராவோட சென்சாரும் அதே அளவு. 24 மெகாபிக்சல் கேமரான்னா அகலத்துக்கு 6000 புள்ளி. 36 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட 1.42 இஞ்சு. வகுத்துப் பாருங்க, இஞ்சுக்கு 4200-க்கு மேல வருது. கூல்ஸ்கேன் கணக்குக்கு வந்துட்டோமில்ல? சதுரப் படத்துக்கு இவ்வளவு வராது. அது 56 மில்லிமீட்டர், அதுல 4000 புள்ளிதான் விழும், இஞ்சுக்கு 1800. ஆனாலும் 300 டிபிஐல 13 இஞ்சுக்குப் பிரிண்ட் போடலாம். சுவத்துல மாட்டுறதுக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

இதுக்கு லென்சு மேக்ரோ லென்சா இருக்கணும். நெகட்டிவ் அளவும் சென்சார்ல விழற அளவும் ஒண்ணுக்கு ஒண்ணா வர்ற லென்சு. இதுக்கு எங்க போறதுன்னு மலைக்காதீங்க. மோதிரம், தாலிக்கொடி, மருதாணி எல்லாம் கிட்டத்துல எடுக்கிறதுக்கு இப்போ கல்யாண போட்டோகிராபர் பாதிப் பேர் பையில அது இருக்கு. ஆடி, மார்கழியில முகூர்த்தம் இல்லாம கேமரா சும்மாத்தான் தூங்குது. நாம வருசத்துக்கு ரெண்டு நாள் அறுப்புக்குச் சொந்தமா அறுவடை மெஷின் வாங்குறோமா என்ன? மணிக்கணக்குக்குப் பிடிக்கிறோம். இதுவும் அப்படித்தான்.

இதெல்லாம் நான் படிச்சுட்டு மட்டும் சொல்லலைங்க. பக்கத்து டவுன்ல ஒரு ஸ்டுடியோவை மூடினாங்க. ஓனருக்கு எண்பது தாண்டிடுச்சு, பசங்க யாரும் இந்தத் தொழில்ல இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர் நெகட்டிவை எடைக்குக் கேட்டிருக்கார், வெள்ளி பிரிக்கிறதுக்கு. எத்தனையோ ஸ்டுடியோ நெகட்டிவ் அப்படித்தான் போச்சு. இந்தப் பெரியவருக்கு மனசு வரலை. சுத்துப்பட்டு ஊர்ப் படம்தான் எல்லாம்னு மூணு மரப்பெட்டியை என்கிட்டக் குடுத்துட்டார். நானும் போட்டோகிராபர் தம்பியும் எண்ணினதுல 4000-க்கு மேல இருந்துச்சு.

உள்ளே என்னதான் இல்லை? காது குத்து, சடங்கு, புது மாட்டு வண்டி, பட்டாளத்துக்குக் கிளம்பின பையன். ஸ்டுடியோ கோட்டையும் ஸ்டுடியோ கைக்கடிகாரத்தையும் இரவல் வாங்கிப் போட்டுட்டு விறைப்பா நிக்கிற மாப்பிள்ளைங்க, நாப்பது பேருக்கு ஒரே கோட்டு. அப்புறம், சொல்லக் கஷ்டமா இருக்கு, செத்தவங்களைச் சேர்ல உக்கார வெச்சு மாலை போட்டு எடுத்த படங்கள். இந்தக் காலத்துப் பசங்க பாத்தா பயந்துக்குவாங்க. உசுரோட இருக்கும்போது ஒரு படம்கூட எடுக்காத பொம்பளைங்க எத்தனை பேர்! கடைசி நாள் படம்தான் அவங்க மூஞ்சின்னு இந்த உலகத்துல மிச்சம். அதுவும் எங்க? ஊருக்குள்ள காரை வீட்டுக்காரங்க சுவத்துல பிரிண்ட் தொங்கிட்டு இருக்கும். கூலி வேலைக்குப் போனவங்க கூரை வீட்டுல மழை ஒழுகி, தீப்பிடிச்சு, அந்தப் பிரிண்டெல்லாம் எப்பவோ போச்சு. அவங்களுக்கு இந்த நெகட்டிவை விட்டா வேற கிடையாது. அதனால அந்தப் பக்கத்துக் கவர்களைத்தான் முதல்ல எடுத்தோம்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களுக்கு இவ்வளவு மதிப்பு இருக்குன்னு வெளியில தெரியாம இல்லை. புதுச்சேரியில இருக்கிற பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தோட அழியும் ஆவணங்களுக்கான திட்டத்துல இந்த மாதிரிப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய்ப் படங்களைப் பதிவு பண்ணி வெச்சிருக்கு. பெரிய வேலை. ஆனா ஒவ்வொரு ஊர் மரப்பெட்டிக்கும் அவங்களே வரணும்னா ஆகிற காரியமா?

காலமும் நிக்காதுங்க. பழைய பிலிமுக்குப் பெரும்பாலும் அசிடேட்னு ஒரு அடித்தாள். சூடும் ஈரமும் பட்டா அது கெட ஆரம்பிக்கும், வினிகர் மாதிரிப் புளிச்ச வாடை வரும். வந்துட்டா நிறுத்த முடியாது. அந்தப் புளிப்பே அதை மேலும் கெடுக்கும், பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும். ஒரு அழுகின தக்காளி கூடையையே கெடுக்கிற மாதிரி. சுருண்டு நெளிஞ்சு மேல் பூச்சு உரிஞ்சுடும். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு ஓட்டு வீட்டுப் பரண் மேல வேற என்ன நடக்கும்? வாடை அடிக்கிறதைத் தனியா எடுத்து வெச்சு, காப்பியெடுக்கிற வேலையை அதுல இருந்து ஆரம்பிங்க. (1951-க்கு முந்தினதா இருந்தா நைட்ரேட் பிலிமா இருக்க வாய்ப்பு உண்டு, சட்டுனு தீப்பிடிக்கும். அடுப்படிப் பக்கம் கொண்டு போகாதீங்க.)

செட்டப்புக்கு நாங்க பெருசா செலவு பண்ணலை. ஸ்டுடியோ பெரியவர் நெகட்டிவோட பழைய என்லார்ஜரையும் தூக்கிக் குடுத்திருந்தார். தலையைக் கழட்டிட்டு, ஏத்தி இறக்குற அந்தக் கம்பத்துல கேமராவைக் கீழ பாத்த மாதிரி மாட்டியாச்சு. ஆடாது அசையாது. நெகட்டிவைப் பிடிக்கிற சட்டமும் அதுலயே இருந்தது, பிலிம் நெளியாம நிக்கும். கீழ எல்இடி பேனல், சிஆர்ஐ 95-க்கு மேல இருக்கிறதா வாங்கிக்கங்க. மேல பால் வெள்ளை அக்ரிலிக் தகடு. செல்போன் ஸ்கிரீன் மேல நேரா வெச்சு எடுக்கலாம்னு வீடியோல காட்டுவாங்க, நம்பாதீங்க. ஸ்கிரீனோட புள்ளியெல்லாம் படத்துல வந்துடும், நடுவுல இடைவெளி வேணும்.

கேமரா நேரா இருக்கான்னு பாக்க ஒரு சின்ன வித்தை. நெகட்டிவ் வெக்கிற இடத்துல முகம் பாக்கிற கண்ணாடியை வெச்சு, கேமரா வழியாப் பாத்தா லென்சோட பிம்பம் நட்ட நடுவுல தெரியணும். தெரிஞ்சா சரி. மூலைக்கு மூலை ஷார்ப்பா வரும். நெகட்டிவைச் சுத்தி வெளிச்சம் கசியாம கருப்பு அட்டை. ரூம் லைட்டை அணைச்சுடணும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரெண்டு செகண்ட் டைமர், ரா ஃபைல். பிலிமோட மங்கலான பக்கம் கேமராவைப் பாக்கணும், அப்புறம் கம்ப்யூட்டர்ல இடவலம் திருப்பிக்கலாம். துடைக்கிறதுக்கு ரப்பர் பல்புல ஊதுறதும் மெல்லிய பிரஷும் போதும். வேட்டி முனையால துடைக்கிற வேலையே வேண்டாம். கருப்பை வெள்ளையா மாத்துறதுக்கு டார்க்டேபிள்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல நெகடாக்டர்னு ஒரு கருவி, அதுவே செஞ்சுடும்.

வேகம்தான் விசயமே. ஸ்கேனர்ல ஒரு படத்துக்கு மூணு நிமிசம்னு வெச்சாலும் 4000 படத்துக்கு 200 மணி நேரம். கேமராவுல நெகட்டிவ் மாத்தி, ஊதி, கிளிக் பண்ண எங்களுக்குப் பதினஞ்சு செகண்டு. மொத்தம் 17 மணி நேரம். நடுவுல டீ குடிக்கிறதைச் சேத்தா இருபது.

மிச்சமாகிற நேரத்துக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டுறதுக்குக் காரணம் இருக்கு. கவர் மேல வெறும் நம்பர்தான் இருக்கு. ஆர்டர் புத்தகம் பாதி செல்லரிச்சுப் போச்சு. இது யாருன்னு சொல்றதுக்கு மிச்சம் இருக்கிறது ஊருல எழுபது எண்பது வயசு ஆளுங்க, அதுவும் விரல் விட்டு எண்ற மாதிரி. கேமராவை ஒயர் போட்டு டிவியில மாட்டினா எடுக்க எடுக்கப் பெருசாத் தெரியும், கேமராவை லேப்டாப்ல இணைச்சா அப்பவே நேர்ப்படமாவும் மாத்திக் காட்டலாம். அப்படித்தான் கோயில் மண்டபத்துல நாலு ஞாயித்துக்கிழமை உக்காந்தோம். பெரியவங்க எதிர்ல சேர் போட்டு உக்காந்து பாத்தாங்க. ஒரு படம், ஒரு பேரு. அந்த வேகத்துக்குத்தான் அவங்க பேச்சு வரும். மூணு நிமிசத்துக்கு ஒரு படம்னா தூங்கிடுவாங்க, இல்லாட்டி மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க.

மூணாவது வாரம் வளவுல இருந்து ஒரு ஆத்தா வந்திருந்தாங்க. கண்ணு சரியாத் தெரியாது, டிவிகிட்டப் போயி நின்னாங்க. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க கையைக் கோத்துட்டு நிக்கிற படம். பெரியவளுக்கு ஒரு பத்து வயசு இருக்கும்.

"எங்கக்காளாட்டவே இருக்குதே கண்ணு."

"பக்கத்துல யாருங்காத்தா?"

ரொம்ப நேரம் பாத்தாங்க. "நாந்தேன்" அப்படின்னாங்க.

அக்கா அந்த வருசமே அம்மை போட்டுப் போயிட்டாங்களாம். மூஞ்சி மறந்து போயி எத்தனையோ வருசம் ஆச்சாம். கூட வந்த பேத்தி செல்போன்ல டிவியைப் போட்டோ எடுத்துட்டா. நாங்க அப்புறம் பிரிண்ட் போட்டுக் குடுத்தோம்.

அந்தப் படத்துல கீறல் நாலு இருந்துச்சு, ஒரு மூலையில பூஞ்சையும் இருந்துச்சு. அந்த ஆத்தாகிட்டப் போயி டிபிஐ பேச முடியுமா?

இதுக்கு எதிரா ஒண்ணு சொல்வாங்க, ஒத்துக்கிறேன். உங்க பெட்டியில இருக்கிறதெல்லாம் 1990-களோட கலர் 35 எம்எம்மா இருந்து, கீறலும் தூசியுமா இருந்தா ஐஸ் இருக்கிற ஸ்கேனர்தான் ஜெயிக்கும். அந்த ஆரஞ்சு நிற பிலிமைக் கேமராவுல எடுத்து நிறத்தைச் சரியாக் கொண்டு வர்றது கொஞ்சம் இழுபறி. தோல் நிறம் ஒரு நேரம் மஞ்சள் பூசின மாதிரியும் ஒரு நேரம் காய்ச்சல் வந்த மாதிரியும் வரும். படமெடுக்காத வெறும் பிலிம் ஓரத்துல ஒயிட் பேலன்ஸ் பிடிச்சா பாதி சரியாகும். மிச்சத்தைக் கண்ணால பாத்துத்தான் திருத்தணும். நூறு இருநூறு படம்னா யார்கிட்டயாவது ஸ்கேனர் இரவல் வாங்கிப் பண்ணிட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க. அப்பவும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சிட்டியில கடைக்குக் குடுத்துப் பண்ணலாமேன்னு கேப்பீங்க. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் குடுத்தார். வந்தது சின்னச் சின்ன ஜேபெக் ஃபைலு, பெருசு பண்ணினா கண்ணு மூக்கு கட்டம் கட்டமா உடையுது. சதுரப் படத்தோட ஓரத்தை வேற வெட்டிட்டாங்க, பாட்டி கால்ல போட்டிருந்த தண்டை மாதிரி ஒரு நகை என்னன்னே தெரியலை. நல்ல கடையும் இருக்கும். ஆனா அந்தக் கடைக்காரருக்கு நம்ம பாட்டி யாருன்னு தெரியாதில்லைங்களா, அவர் எதை விடக்கூடாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவார்? எங்க தம்பி டிவியில பாத்துட்டே எடுக்கிறான், "ஏனுங்ணா, பின்னாடி நம்ம பழைய தேர் தெரியுதுங்ணா, ஓரம் விட்டு எடுக்கலாமுங்களா"ன்னு கேக்கிறான். பிலிம் மேல பென்சில்ல டச்சப் பண்ணின கோடெல்லாம்கூடத் தெரியுது, மூஞ்சியில அம்மைத் தழும்பை ஸ்டுடியோக்காரர் எப்படி மறைச்சிருக்கார்னு பாக்கலாம்.

காப்பியெடுத்த பின்னாடி நெகட்டிவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. இன்னும் இருபது வருசத்துல இதை விட நல்ல கேமரா வரும், திரும்ப எடுக்க மூலம் வேணும். புதுப் பட்டர் பேப்பர் கவர்ல போட்டு, வீட்டுலயே குளிர்ச்சியான, ஈரமில்லாத ரூம்ல வைங்க. பரண் வேண்டாம், பீரோ பரவாயில்லை. ஃபைலை ரெண்டு ஹார்ட் டிஸ்க்குல, ரெண்டு வெவ்வேற வீட்டுல. வாட்ஸப்புல அனுப்பினதைக் காப்பின்னு நினைக்காதீங்க, அது படத்தைச் சுருக்கிடும். செத்தவங்க படத்தை அந்தக் குடும்பத்தைக் கேக்காம எந்தக் குரூப்புலயும் போடக்கூடாதுன்னு நாங்க முடிவு பண்ணியிருக்கோம்.

மூணாவது பெட்டி இன்னும் பாதி பாக்கி. மஞ்சள் வெட்டு முடிஞ்சதும் வர்ற ஞாயித்துக்கிழமைல இருந்து திரும்ப உக்காருறோம், காலையில பத்து மணிக்கு மாரியம்மன் கோயில் மண்டபம். உங்க வீட்டு நெகட்டிவையும் கொண்டு வரலாம், காசு வேண்டாம். கவரோட அப்படியே கொண்டாங்க, கழுவாதீங்க. வரும்போது வீட்டுல இருக்கிறதுலயே வயசான ஆளைக் கையோட கூட்டிட்டு வாங்க. சேர் நாங்க போட்டு வெக்கிறோம்.